கிலோவைச் சேக்கலாக்க எந்தக் கணக்கு?

சேக்கல் என்பது வேதாகமத்தில் வரும் பழைய எடை அலகு. ஒரு கிலோ எத்தனை சேக்கல்? கேள்வி சின்னதுதான். பதில்தான் ஆளுக்கொன்றாக வருகிறது. பழைய யூதா நாட்டில் தோண்டியெடுத்த எடைக்கற்களை வைத்துக் கணக்கிட்டால் 88. இயேசுவின் காலத்தில் எருசலேம் ஆலயம் வாங்கிய தீரு நகரத்து வெள்ளிக்காசை வைத்தால் 71. பாபிலோன் நிறைப்படி 120. யூத மதச் சட்டத்தில் இன்றும் நடைமுறையில் இருக்கும் ஒரு கணக்கின்படி 52. நான்குக்கும் ஆதாரம் இருக்கிறது, நான்குக்கும் உரிய இடம் இருக்கிறது. ஆனால் 52-க்கும் 120-க்கும் நடுவே இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் விழுகிறது. ஏதோ ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டுப் போக முடியாது.

ஞாயிறு பள்ளிக்கு அட்டவணை தயாரிப்பவர்கள், வேதாகம வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதுபவர்கள், ஆசரிப்புக் கூடார மாதிரி செய்து காட்டுபவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் சேக்கலிலிருந்து கிலோவுக்குத்தான் மாற்றுவார்கள். அந்தத் திசை சுலபம். பெருக்கிவிட்டு, 'சுமார்' என்று முன்னால் போட்டால் முடிந்தது. எதிர்த்திசையில், அதாவது கிலோவிலிருந்து சேக்கலுக்குப் போகும்போது கூடுதலாக ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரு சேக்கல் எத்தனை கிராம் என்று மட்டும் முடிவு செய்தால் போதாது. அந்தக் காலத்து எழுத்தர் ஒருவர் இதே பாரத்தை எந்தெந்த அலகுகளில் எழுதியிருப்பார் என்றும் முடிவு செய்ய வேண்டும். கணிப்பான்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான்.

முதலில் கற்கள்.

கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளில் யூதா ராஜ்யத்தில் புழங்கிய எடைக்கற்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. சுண்ணாம்புக் கல்லில் செய்தவை. அடி தட்டை, மேல்பக்கம் குவிமாடம் போல் உருண்டை. உச்சியில் சேக்கலுக்கான சுழி ஒன்றும், பக்கத்தில் எண்ணும் செதுக்கியிருக்கும். 1, 2, 4, 8 சேக்கல் கற்கள்தான் அதிகம். எருசலேமின் மேற்குச் சுவர் பகுதியில் கிடைத்த ஒரு கல்லைப் பற்றி 2020இல் அறிவித்தார்கள். சேக்கல் சுழியை அடுத்து இரண்டு கோடுகள் கீறிய இரண்டு சேக்கல் கல் அது. தராசில் வைத்தபோது 23 கிராம் காட்டியது. அப்படியானால் ஒரு சேக்கல் 11.5 கிராம். இப்படிப்பட்ட கற்களை மொத்தமாகத் திரட்டி ஆராய்ந்த தொல்லியலாளர் ராஸ் கிளெட்டர், சேக்கலுக்குக் கண்ட எடை 11.33 கிராம். இன்று ஆய்வாளர்கள் அதிகம் எடுத்துக்கொள்ளும் எண் இதுதான்.

இந்தக் கற்களில் என்னை மிகவும் கவர்ந்தது அவற்றின் மேலுள்ள எண்கள். எகிப்தியரின் ஹையராட்டிக் எழுத்தில் எழுதிய எண்கள் அவை. நான்கு சேக்கல் எடையுள்ள கல்லில் ஐந்து என்று இருக்கிறது. எட்டுச் சேக்கல் கல்லில் பத்து என்று இருக்கிறது. முதலில் பார்ப்பவர் கல் தேய்ந்துவிட்டதோ, ஏமாற்றுக் கல்லோ என்று நினைக்கலாம். எகிப்திய நிறையை அறிந்தவருக்கு முடிச்சு அவிழ்ந்துவிடும். எகிப்தில் ஒரு கெதெத் சுமார் 9.1 கிராம், பத்துக் கெதெத் ஒரு தெபென், அதாவது சுமார் 91 கிராம். எட்டுச் சேக்கலை 11.33-ஆல் பெருக்குங்கள்: 90.64. எட்டுச் சேக்கலும் ஒரு தெபெனும் கிட்டத்தட்ட ஒரே எடை. யூதேய வியாபாரி ஒரே கல்லை வைத்து உள்ளூர்க்காரனுக்கு எட்டுச் சேக்கலும் எகிப்திய வியாபாரிக்குப் பத்துக் கெதெத்தும் நிறுத்துக் கொடுக்க முடியும். 11.33 என்பது வெறும் சராசரியாக நின்றுவிடாமல், பக்கத்து நாட்டு நிறையோடும் ஒத்துப்போவதால்தான் அதன் மேல் எனக்கு அத்தனை நம்பிக்கை.

சேக்கலுக்குக் கீழே இன்னும் சில கற்கள் உண்டு. பெக்கா என்பது அரைச் சேக்கல். யாத்திராகமம் 38:26 தலைக்கு ஒரு பெக்கா என்று சொல்லும் வரி இதுதான். அந்தப் பெயர் பொறித்த கல்லே எருசலேமில் கிடைத்திருக்கிறது. பிம் என்பது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 7.8 கிராம். 1 சாமுவேல் 13:21இல் பெலிஸ்தர் கொழுமுனை தீட்ட வாங்கிய கூலி இது. நம் ஊரில் நகைக்கடைக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த எடை கையிலேயே தெரியும்: பிம் கல் ஒன்று ஏறக்குறைய ஒரு பவுன். சேக்கலோ ஒன்றே கால் பவுனைவிடக் கொஞ்சம் கூடுதல். ரெபெக்காளின் கைகளுக்கு ஆபிரகாமின் ஊழியக்காரன் போட்ட கடகங்கள் பத்துச் சேக்கல் பொன் என்கிறது ஆதியாகமம் 24:22. 113 கிராம், பதினான்கு பவுன். இப்படிச் சொன்னால் வகுப்பில் யாருக்கும் வேறு விளக்கம் தேவைப்படாது.

அடுத்து, இணையத்திலும் கைபேசியிலும் கிடைக்கும் அலகு மாற்றிகள். அவற்றில் பல, எபிரெயச் சேக்கலை 11.4 கிராம் என்று வைத்திருக்கின்றன. பெக்கா 5.7, அதைவிடச் சிறிய கேரா 0.57, சேக்கலைவிடப் பெரிய அலகுகளான மினா 570 கிராம், தாலந்து 34.2 கிலோ. 11.33-க்கும் 11.4-க்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பழைய கற்களே ஒன்றுக்கொன்று அதைவிட அதிகம் வேறுபடுகின்றன. ஆகவே சேக்கல் எண்ணைப் பொறுத்தவரை இந்த மாற்றிகளோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை மினாவோடுதான். மேலே உள்ள பட்டியல் ஐம்பது சேக்கலை ஒரு மினாவாக எடுத்துக்கொள்கிறது. எசேக்கியேல் 45:12 இருபதும் இருபத்தைந்தும் பதினைந்தும் சேர்த்து, அறுபது சேக்கலை ஒரு மினா என்கிறது. சாலொமோனின் பொற்கேடயம் ஒவ்வொன்றுக்கும் மூன்று மினா பொன் என்று 1 இராஜாக்கள் 10:17 சொல்கிறது. அதே கேடயத்துக்கு 2 நாளாகமம் 9:16 முந்நூறு என்கிறது. அந்த முந்நூறைச் சேக்கல் என்று வாசித்தால் மினாவுக்கு நூறு சேக்கல் ஆகிவிடும். ஐம்பதா, அறுபதா, நூறா? ஒரே வேதாகமத்துக்குள் இவ்வளவு அசையும் அலகை அட்டவணையில் நட்டநடுவில் வைப்பது ஆபத்து.

தாலந்துக்கு அந்தக் குழப்பம் இல்லை. யாத்திராகமம் 38:25, 26 வசனங்களில் ஒரு கணக்குச் சீட்டே இருக்கிறது. எண்ணப்பட்ட ஆண்கள் 6,03,550 பேர். தலைக்கு அரைச் சேக்கல். மொத்தம் 3,01,775 சேக்கல். அதையே அந்த அதிகாரம் நூறு தாலந்தும் 1,775 சேக்கலும் என்று எழுதுகிறது. 1,775-ஐக் கழித்தால் மூன்று லட்சம். நூறால் வகுத்தால் தாலந்துக்கு 3,000 சேக்கல். சந்தேகத்துக்கு இடமே இல்லை. 11.33-ஆல் பெருக்கினால் ஒரு தாலந்து 34 கிலோ.

அந்தச் சீட்டு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. எழுதியவர் தாலந்திலிருந்து நேரே சேக்கலுக்கு இறங்குகிறார். 1,775 சேக்கலை 'முப்பத்தைந்து மினா இருபத்தைந்து சேக்கல்' என்று உடைக்கவில்லை. கோலியாத்தின் கவசம் ஐயாயிரம் சேக்கல் வெண்கலம். அங்கேயும் 'ஒரு தாலந்து நாற்பது மினா' என்று எழுதவில்லை. சேக்கலிலேயே ஐயாயிரம் வரை எண்ணிக்கொண்டு போகிறார்கள். எபிரெய வேதத்தில் மினா தலைகாட்டும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவற்றிலும் எஸ்றா, நெகேமியா, எசேக்கியேல் ஆகியவை பாபிலோனின் கை பட்ட காலத்தவை. ஆகவே ராஜாக்கள் காலத்துக்கு மாற்றும்போது தாலந்து, சேக்கல் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மினாவை விட்டுவிடுங்கள் என்பேன்.

75 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அந்த அலகு மாற்றிகள் கொடுக்கும் அலகுகளை அப்படியே வரிசையாக இறக்கினால் '2 தாலந்து 11 மினா 28 சேக்கல் 1 பெக்கா 9 கேரா' என்று வரும். பார்க்க மிகத் துல்லியமாக இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு எடையை அந்தக் காலத்தில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். ஒரு மனிதனின் எடையில் கடைசி ஒன்பது கேரா என்பது ஐந்து கிராம். அவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாலே மாறிவிடும். 11.33-இன்படி 6,620 சேக்கல் வருகிறது. '2 தாலந்தும் 600 சேக்கலும்' என்று எழுதினால் வேதாகமத்தின் நடையும் கெடாது, எடையும் கெடாது.

கேராவிலும் ஒரு சிறு பிசகு உண்டு. யாத்திராகமம் 30:13இன்படி இருபது கேரா ஒரு சேக்கல். கிடைத்திருக்கும் சிறு கற்களை ஆராய்ந்த கிளெட்டரோ, யூதாவின் சந்தையில் சேக்கலுக்கு இருபத்துநான்கு கேரா இருந்தது என்கிறார். வேதாகமப் பாடத்துக்கு இருபதையே வைத்துக்கொள்ளலாம். அருங்காட்சியகக் கற்களோடு ஒப்பிடுபவர் மட்டும் இருபத்துநான்கை நினைவில் வைத்தால் போதும்.

சரி, புதிய ஏற்பாட்டுக் காலத்துக்கு வருவோம். இங்கே 11.33 உதவாது. கி.மு. 126 வாக்கில் தீரு நகரம் தன் சொந்த வெள்ளிக்காசை அடிக்கத் தொடங்கியது. எடை சுமார் 14 கிராம். வெள்ளியின் தரம் மிக உயர்ந்தது. எருசலேம் ஆலய வரி இந்தக் காசில்தான் செலுத்தப்பட்டது. மத்தேயு 17இல் மீனின் வாயிலிருந்து எடுத்த ஒரு காசு இயேசு, பேதுரு இருவருக்குமான வரிக்குச் சரியாகப் போனதல்லவா, அது ஒரு முழுச் சேக்கல்: ஆளுக்கு அரை. கி.பி. 66இல் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த யூதர்கள் சொந்தமாக அடித்த வெள்ளிச் சேக்கலும் ஏறத்தாழ இதே 14 கிராம்தான்.

முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பு, ஒரு சேக்கல் நான்கு அத்தேனிய திராக்மாவுக்குச் சமம் என்று எழுதியிருக்கிறார். அத்தேனியத் திராக்மாவின் பழைய எடையான 4.3 கிராமால் பெருக்கினால் 17 கிராம் வரும். அந்த 17-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தீருக் காசே நான்கு திராக்மாக் காசுதான். யோசேப்பு சொல்லும் நான்கு என்ற விகிதத்தை ஏற்கலாம், எடையைத் தராசிடம் கேட்க வேண்டும்.

முப்பது வெள்ளிக்காசை வைத்துப் பாருங்கள், காலத்தை மறந்தால் என்ன ஆகும் என்று புரியும். யாத்திராகமம் 21:32இல் மாடு முட்டி இறந்த அடிமைக்கு ஈடு முப்பது சேக்கல். 11.33-இன்படி 340 கிராம் வெள்ளி. மத்தேயு 26இல் யூதாசுக்குக் கொடுத்த முப்பது வெள்ளிக்காசு பெரும்பாலும் தீருக் காசுகளாக இருந்திருக்கும். அவை 420 கிராம். எண் ஒன்றுதான், எடை ஒன்றில்லை. இரண்டையும் ஒரே வரிசையில் '30 சேக்கல், 340 கிராம்' என்று போடும் அட்டவணைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த எண்பது கிராமில் எத்தனையோ நூற்றாண்டு வரலாறு காணாமல் போகிறது.

ரபீக்கள் எனப்படும் யூத மத ஆசிரியர்களின் கணக்கு வேறு வகை. அவர்களிடம் கல் இல்லை, வாற்கோதுமை மணி இருந்தது. 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிதிஸ், தோராவின், அதாவது மோசேயின் சட்ட நூல்களின், சேக்கல் 320 நடுத்தர வாற்கோதுமை மணிகளின் எடை என்கிறார். இருபது கேரா, கேராவுக்குப் பதினாறு மணி. பிற்காலத்தில், இரண்டாம் ஆலய நாள்களில், சேக்கலைச் செலா என்ற காசுக்குச் சமமாக்கி 384 மணியாக உயர்த்தினார்கள் என்றும் சொல்கிறார். 320-க்கும் 384-க்கும் உள்ள விகிதம் ஐந்துக்கு ஆறு. 14 கிராம் தீருக் காசில் ஆறில் ஐந்து பங்கு 11.67 கிராம். யூதாவின் கற்களைக் கண்ணால் பார்த்திராதவர், பழைய சேக்கலுக்கும் புதிய சேக்கலுக்கும் சொல்லிச் சென்ற விகிதம் தொல்லியல் காட்டும் விகிதத்துக்கு இத்தனை அருகில் வருகிறது. மரபு எவ்வளவு பத்திரமாகக் கைமாறியிருக்கிறது என்று நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது.

விகிதம் சரியாக வந்தாலும் கிராம் சரியாக வராது. மணி ஒன்றுக்கு 0.05 கிராம் வைத்தால் 320 மணி 16 கிராம், 384 மணி 19.2 கிராம். தலைப்பிள்ளையை மீட்க ஐந்து சேக்கல் கொடுக்கும் சடங்கு யூதரிடம் இன்றும் நடக்கிறது. எண்ணாகமம் 18:16இல் வரும் ஐந்து சேக்கல் அது. 19.2-ஐ ஐந்தால் பெருக்கி 96 கிராம் வெள்ளி என்று வைப்பார்கள்; நூறு கிராமுக்கு மேல் வைப்பவர்களும் உண்டு. தொல்லியல் சேக்கல்படி வெறும் 57 கிராம் போதும். ஆனால் கடமையை நிறைவேற்றுபவர் குறைத்துக் கொடுத்துவிடக் கூடாது, கூடினால் பாதகமில்லை. அந்த நோக்கத்துக்கு 19.2 மிகப் பொருத்தமான எண். அதையே கோலியாத்தின் கவசத்துக்குப் போட்டால் 96 கிலோ ஆகிவிடும். 11.33-இன்படி அது 57 கிலோ. ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையைவிடச் சற்றுக் கூடுதலான பாரத்தை உடம்பில் சுமந்துகொண்டு ஒரு ராட்சதன் போருக்கு வந்து நின்றான் என்பது நம்பக்கூடியது. மதச் சட்டத்தின் கணக்கை வரலாற்றுக்கு இழுக்காதீர்கள்.

பாபிலோன் கணக்கு சுருக்கமாகவே சொல்லலாம். அறுபது சேக்கல் ஒரு மினா, அறுபது மினா ஒரு தாலந்து. மினா ஏறத்தாழ அரைக் கிலோ, தாலந்து முப்பது கிலோ, சேக்கல் 8.33 கிராம். யூதர்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டதற்குப் பிந்தைய வேதாகமப் பகுதிகளுக்கும், எசேக்கியேலின் அறுபது சேக்கல் மினாவைப் புரிந்துகொள்ளவும் இது வேண்டும். இங்கே மினாவைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அவர்கள் உண்மையிலேயே அதில்தான் எண்ணினார்கள். தாலந்துக்கு 3,600 சேக்கல் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். யூதாவின் 3,000-ஐ இங்கே கொண்டுவந்தால் கணக்கு ஆறில் ஒரு பங்கு தவறும்.

ஆக, எதை எடுப்பது? தாவீது, சாலொமோன், எரேமியா காலத்துக்கு 11.33, தாலந்துக்கு 3,000. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. எரேமியா ஆனதோத் நிலத்துக்கு நிறுத்துக் கொடுத்த பதினேழு சேக்கல் வெள்ளி 193 கிராம் என்று நான் தைரியமாகச் சொல்வேன், ஏனென்றால் நம் கையில் இருக்கும் கற்கள் அவர் வாழ்ந்த நூற்றாண்டையும் அதற்கு முந்தையதையும் சேர்ந்தவை. ஆபிரகாம் மக்பேலா குகைக்குக் கொடுத்த நானூறு சேக்கலுக்கு வந்தால் 'சுமார் நாலரைக் கிலோ' என்று சொல்வேன். அந்தச் 'சுமார்' அங்கே கட்டாயம். கற்கள் அவருக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை, அந்த வசனமே வியாபாரிகளிடம் செல்லும் நிறை என்றுதான் சொல்கிறது. அப்சலோமின் தலைமயிரையோ ராஜாவின் நிறைப்படி இருநூறு சேக்கல் என்கிறது 2 சாமுவேல் 14:26. பரிசுத்த ஸ்தலத்துச் சேக்கல் என்று இன்னொரு பெயரும் வேதத்தில் வருகிறது. பையில் பெரிதும் சிறிதுமாக இருவகைக் கற்களை வைத்திருக்காதே என்று உபாகமம் 25 எச்சரிக்க வேண்டியிருந்த நாடு அது. ஆகவே எந்த எண்ணையும் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை இழுக்காதீர்கள். பெரிய பாரத்தை நூறு சேக்கலுக்கும், நகை போன்ற சிறியவற்றை அரைச் சேக்கலுக்கும் முழுமையாக்கினால் போதும்.

நற்செய்தி நூல்களின் காலத்தில் வெள்ளிக்கு 14 கிராம் சேக்கல். அப்புறம், அந்தக் காலத்துத் தைலத்துக்கும் கந்தவர்க்கத்துக்கும் சேக்கலையே தொடாதீர்கள். அங்கே ரோம ராத்தல் வந்துவிட்டது, சுமார் 327 கிராம். பெத்தானியாவில் மரியாள் கொண்டுவந்த நளத தைலம் ஒரு ராத்தல். நிக்கொதேமு சுமந்து வந்த வெள்ளைப்போளமும் கரியபோளமும் சேர்ந்த கலவை ஏறக்குறைய நூறு ராத்தல், அதாவது முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று கிலோ. ஒரு கிலோ வாசனைப் பொருளை அந்தக் காலத்து அளவுக்கு மாற்ற வேண்டுமானால் மூன்று ராத்தல் என்று எழுதிவிடலாம். மிஞ்சுவது இருபது கிராம் மட்டுமே.